ஐந்து தூண்டில்களும் இடப்பக்கச் சீட்டும்

ஜனவரி 4, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து சேலையை மடித்துக்கொண்டே வயலட் சொன்னாள்: "வண்டியில ராடு வைக்க ஒரு ஸ்டாண்டு போடணும்."

மாதக் கடைசியில் மூன்று நாள் மீன் பிடிக்கப் போகிறார்களாம். அவள், தூண்டில் கூட்டாளிகள் சூசை, முபாரக். வண்டி எங்களுடையது, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. இதுவரை தூண்டில் ராடுகளைச் சீட்டின் மேல் குறுக்கே போட்டுத்தான் கொண்டுபோனார்கள். நவம்பரில் கதவைச் சாத்தும்போது ஒன்றின் முனை மாட்டி முறிந்துவிட்டது. ஆகவே ஸ்டாண்டு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தெக்க."

தூத்துக்குடிக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கிறது. அதில் எந்த இடம் என்று கேட்டேன். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள். குழம்பை இன்னும் அடுப்பில் ஏற்றவே இல்லை.

நான் மீன் பிடிப்பவன் இல்லை. அவர்கள் பிடிக்கும்போது கூடப் போவேன். வண்டி ஓட்டுவேன், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பேன், பிடிபட்டதை டேப் வைத்து அளந்து எழுதுவேன். முப்பத்தெட்டு வருடம் நிருபராக இருந்தவனுக்கு அதுவே போதுமான வேலை. ஆகஸ்டுக்குப் பிறகு கூடப் போக வாய்க்கவில்லை. இந்த முறை போக வேண்டும்.

சாப்பிடும்போது, யார் ஓட்டப் போவது என்று கேட்டேன். "பாப்போம்" என்றாள். என் மனைவி முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தவள். "பாப்போம்" என்று சொல்லி யாருக்கும் மருந்து கொடுத்தவள் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

அளந்தேன். ராடு மொத்தம் ஐந்து; சூசை, முபாரக்கினுடைய அளவுகள் என் பழைய நோட்டிலிருந்து. வயலட்டுடையவை இரண்டு: ஒன்று 213 செ.மீ., இன்னொன்று 198. சூசையுடையவை இரண்டு: 229, 213. முபாரக்கினுடையது 210. ஐந்தும் ஒற்றைத் துண்டு. கழற்றி மாட்டும் ராடு சூசைக்கு ஆகாது. மீன் இழுக்கும்போது மூட்டு இருக்கிற இடம் கைக்குத் தெரியும் என்பார். இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வயது அறுபத்தாறு. இருபது டன் கன்டெய்னரைத் தூக்கிய கைக்கு அப்படிப்பட்டது தெரியுமா என்று ஒரு தடவை கேட்டேன். தூக்கியதால்தான் தெரியும் என்றார்.

வண்டியின் உட்கூரை, பின்கதவுக் கண்ணாடியிலிருந்து முன்கண்ணாடி விளிம்பு வரை 242 செ.மீ. மிக நீளமான ராடும் கூரையடியில் போகும், 13 செ.மீ. மிச்சம். தலைக்கு மேலே இரண்டு குறுக்குக் கம்பி, அதில் ஐந்து பள்ளம். சீட்டு எதையும் தொட வேண்டியதில்லை.

இது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

மூன்றாவது மைல் பக்கம் கொம்பையாவின் பட்டறைக்குப் போனேன். கேட், ஜன்னல் கிரில், வண்டிக்கு கேரியர் எல்லாம் செய்கிறவர். அவருக்குக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால் பிடிக்காது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் முழு அளவில் வரைவார். வரைந்துவிட்டு அதற்குள் பெயிண்ட் டின்களைச் சீட்டாகப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

நான் போனபோது தரையில் ஒரு வண்டி வரைந்து கிடந்தது. மூன்று டின் இருந்தது. முன்பக்கம் இடதில் டின் இல்லை, பெரிய பெருக்கல் குறி இருந்தது.

"இது எந்த வண்டி?" என்றேன்.

"ஒங்க வண்டிதான் அண்ணாச்சி. அம்மா சனிக்கிழமை வந்துட்டுப் போனாங்களே. சொல்லலையா?"

"இல்லை."

"அப்போ நான் ஒண்ணும் சொல்லல."

"இந்தப் பெருக்கல் குறி?"

சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டினார். பிறகு தொழில் வென்றுவிட்டது. "முன் சீட்டு. அதை மல்லாக்கச் சாய்ச்சுட்டு, நடுச் சீட்டுல இடப் பக்கத்தையும் மடக்கிட்டா, டிக்கியிலேருந்து டேஷ்போர்டு வரைக்கும் ஒரே தளம். ரெண்டு மரக்கட்டை, அதுல பள்ளம் எடுத்து ரப்பர் ஒட்டிட்டா, கம்பு அஞ்சும் சொகமாப் படுத்துக்கும்."

"அப்போ எத்தனை பேர் உட்காரலாம்?"

"டிரைவர் ஒண்ணு, நடுவுல ரெண்டு. மூணு." டின்களைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா மூணு போதும்னாங்க."

நான் கூரை அளவுகளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பெருக்கல் குறியைக் காலால் அழிக்கப் போனவர், காலை அப்படியே நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு செய்ங்க. ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. ஒரு வண்டிக்கு ரெண்டு முதலாளி சொன்னா வெல்டிங் நிக்காது."

ஜனவரி 8, வியாழன்

வயலட்டிடம் கேட்கவில்லை. ஒரே ஆளின் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஜனவரி 10, சனி

கேட்டேன். மேஜையில் உட்கார்ந்து லைனில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சை நாக்கில் நனைத்து இழுத்தாள்.

"கொம்பையாட்டப் போனியாமே."

"ம்."

"முன் சீட்டைப் படுக்கப் போடணுமாம்."

"ராடு நீளம்ல."

"கூரையில கட்டலாம். பதிமூணு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு."

"மேல கட்டுனா ரீல் தொங்கும். தலையில இடிக்கும்."

"ரீல் எல்லாம் பின்பக்கம் வரும். கடைசி சீட்டுக்கு மேல. அங்கே யாரும் உட்காரப்போறதில்ல. முன்னால ரெண்டு பேர், நடுவுல ரெண்டு பேர், நாலு பேர் தாராளமா இருக்கலாம்."

முடிச்சைப் பல்லால் கடித்து நூலை அறுத்தாள். "கூரைத் துணி கிழிஞ்சிரும்" என்றாள்.

"கிழியாம செய்யலாம்."

"மேடு பள்ளத்துல ஆடும்."

"ரப்பர் போட்டு இறுக்கலாம்."

அவள் இன்னொரு தூண்டில் முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கூர் மழுங்கியிருக்கிறதா என்று நகத்தில் வைத்துச் சோதித்தாள். எதிர்ப்புகள் மூன்றுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. நாலாவது வரவில்லை. ஆகவே ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

டயருக்குக் காற்று பார்க்க முபாரக் கடைக்குப் போனேன். மூன்று டயரில் சரியாக இருந்தது, ஒன்றில் இரண்டு குறைவு. முபாரக் நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாது. இன்றைக்குக் காற்றுப் பிடிக்கும் குழாயைப் பார்த்தே பேசினான்.

"ஸ்டாண்டு எப்பிடி வருது அண்ணாச்சி?"

"கூரையில போடுறேன். நாலு பேர் போகலாம்."

"ஓ."

"என்ன ஓ?"

"ஒண்ணுமில்ல. நல்லதுதான்." குழாயைச் சுருட்டினான். "அண்ணாச்சி, எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல. அல்லா அறிய இல்ல. கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போவோம்னு நான் சொன்னேன். மூக்கையும் கட்டணும்னாரு சூசையண்ணன். சேத்து வாசனைய வச்சே எந்த ஆத்து முகம்னு எழுதிருவீங்களாம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், அந்தப் பெருக்கல் குறிக்குப் பிறகு இது இரண்டாவது ஆதாரம் என்று தோன்றியது.

ஆகஸ்டில் நடந்ததை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். எழுதினால் தெளிவாகும்.

உப்பளங்களுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் மூன்றாம் மதகு என்று ஒன்று. சூசை பல வருடங்களாகத் தூண்டில் போடும் இடம். வயலட்டையும் முபாரக்கையும் அங்கேதான் கூட்டிப் போவார். ஓய்வுக்குப் பிறகு என் பழைய பத்திரிகை ஞாயிறு மலருக்கு ஏதாவது கேட்டார்கள். தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதினேன். பெரிய சாலையிலிருந்து இடப்புறம் 2.3 கிலோமீட்டர். மதகின் தெற்குத் தூணில் பாசி தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கியதும் கொடுவா மீன் வரும். ஒரு சிறிய வரைபடமும் என் கையால் போட்டுக் கொடுத்தேன். வாசகர் கடிதம் பதினொன்று வந்தது. பத்து பாராட்டு. ஒருவர் வரைபடத்தில் வடக்கு எது என்று கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதகில் நாற்பத்திரண்டு பைக் நின்றன. வயலட் எண்ணிச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் பீர் பாட்டில்கள். மூன்றாம் வாரம் யாரோ மதகு வாயில் குறுக்கே வலை கட்டிவிட்டார்கள். செப்டம்பரில் உப்பளக்காரர் பாதையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

கட்டுரையில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. இன்றைக்கும் சொல்வேன். சூசை அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை, அவருக்கு வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். தெளிவாகவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பட்டறை நான்கு நாளாகப் பூட்டு. எதிர்வீட்டிலிருந்து பொங்கலும் கரும்பும் வந்தது. வயலட் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று முறுக்கு போட்டுக் கொடுத்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து கைப்பிடிகளின் போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17, சனி

கொம்பையா இன்றைக்குத்தான் திறந்தார். வண்டியைக் காலை ஒன்பது மணிக்கு விட்டேன், மூன்று மணிக்கு முடிந்தது. முழுக்கவும் கூடவே இருந்தேன்.

கூரையில் துளை போட அவர் ஒப்பவில்லை. "தகரத்துல ஒரு ஓட்டை போட்டா அடுத்த மழைக்குத் தண்ணி எறங்கும். அப்புறம் கொம்பையா போட்ட ஓட்டைன்னுதான் பேரு." பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கிற வண்டியா என்று இரண்டு தடவை கேட்டார். இருந்தால் விபத்தின்போது அது விரிகிற வழியில் கம்பி நிற்கக் கூடாதாம். எங்களுடைய வண்டியில் முன்னால் மட்டும்தான். புத்தகத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடிகளின் போல்ட்டைக் கழற்றி, அதே துளையில் நீளமான போல்ட் போட்டு, இரு பக்கமும் ஒரு தகட்டைப் பிடித்தார். தகட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே எவர்சில்வர் குழாய். நடுச் சீட்டுக்கு மேல் ஒன்று, கடைசிச் சீட்டுக்கு மேல் ஒன்று. குழாயில் ஐந்து ரப்பர்ப் பள்ளம், ஒவ்வொன்றுக்கும் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பட்டை. முனை முதலில் போகிற மாதிரி பின்கதவு வழியாக ராடைத் தள்ள வேண்டும். ரீல்கள் எல்லாம் பின்னால் வரிசையாகத் தொங்கும்.

சோதித்துப் பார்க்க என்று வயலட்டின் இரண்டு ராடையும் கொண்டுபோயிருந்தேன். துறைமுகச் சாலையில் லாரி போய்ப் போய்க் குழி விழுந்த பகுதியில் ஓட்டினோம். கொம்பையா பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். முதல் தடவை கடகடவென்று சத்தம். இரண்டாவது குழாயை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினார். சத்தம் நின்றது.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு நல்லாவே அமைஞ்சு போச்சு" என்றார். குரலில் முழுச் சந்தோஷம் இல்லை. அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

வீட்டு வாசலில் வயலட் வந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள். ஒரு ராடை எடுத்தாள், திரும்பத் தள்ளினாள், பட்டையை மாட்டினாள். முன் சீட்டைப் பார்த்தாள். அது நிமிர்ந்தே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

ஜனவரி 18, ஞாயிறு

கோவிலிலிருந்து திரும்பும்போது வண்டியை வாசலில் நிறுத்தினேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே குழாய்.

"நான் ஒரு மாசமா யோசிச்சு அந்தப் படத்தைப் போட்டேன்" என்றாள். "சீட்டு இல்லன்னா இல்ல. யாரும் யாரையும் வேண்டாம்னு சொன்னதா ஆகாது. நீங்க அழகா எல்லாத்தையும் மேல தூக்கிக் கட்டிட்டீங்க. இப்ப நான் வாயால சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க வந்தா சூசையண்ணன் வரமாட்டேங்காரு."

எதிர்வீட்டில் கரும்புச் சக்கையை ஆடு தின்றுகொண்டிருந்தது.

"அவரு புதுசா ஒரு இடம் பாத்து வச்சிருக்காரு. நாலு மாசம் அலைஞ்சு கண்டுபிடிச்சது. எனக்கும் தெரியாது, முபாரக்குக்கும் தெரியாது. அவரு இல்லன்னா பயணமே இல்ல."

"நான் எழுத மாட்டேன்."

"எனக்குத் தெரியும்."

"அவருகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்." கதவைத் திறந்தாள். "எழுதாம இருக்க அவருக்குத் தெரியாதும்மான்னாரு."

ஜனவரி 20, செவ்வாய்

சூசை வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

முன்னறையில் தரையில் உட்கார்ந்து ரீலைப் பிரித்துப் போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் கழுவிக்கொண்டிருந்தார். பாகங்கள் எல்லாம் செய்தித்தாளின் மேல் வரிசையாக. என் பத்திரிகைதான். தேதி தெரியவில்லை.

"வாங்க சார்" என்றார்.

வயலட் இவரை அண்ணன் என்று கூப்பிடுவதால் என்னை மாப்ள என்றுதான் சொல்லுவார். ஆகஸ்டு வரைக்கும்.

எனக்குச் சுற்றி வளைக்க வராது. "அண்ணே, அந்தக் கட்டுரையில ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் தப்பில்ல."

"பின்னே?"

"எல்லாம் சரியா இருந்துச்சு. அதான்." பல்சக்கரம் ஒன்றை ஊதி வெளிச்சத்தில் பார்த்தார். "வழி சரி. நேரம் சரி. எந்தத் தூணு, எம்புட்டு பாசின்னு அது வரைக்கும் சரி. ஒரு எடத்துலயாவது கொஞ்சம் தப்பு விட்டிருந்தீங்கன்னா, ஒரு பய வந்து சேந்திருக்க மாட்டான்."

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். சொல்லும்போது நோட்டு என் கையில இருந்துச்சு. நீங்க பாத்தீங்க."

"நோட்டு எப்பமும் கையிலதான இருக்கும். மீன அளந்து எழுதுதீகன்னு இருந்தேன்." பிரஷைக் கீழே வைத்தார். "நான் மாப்ளகிட்டச் சொன்னேன் சார். பேப்பருகிட்டச் சொல்லல."

முப்பத்தெட்டு வருடத்தில் அமைச்சர்கள், அதிகாரிகள், சாட்சிகள் என்று எத்தனையோ பேர் இதே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அவர் திரும்ப ரீலை எடுத்தார். "மேல கட்டிட்டீகளாமே."

"ஆமா."

"நாலு பேரு உக்காரலாமாம்."

"ஆமா."

"ம்."

எழுந்தேன். என் சட்டைப் பையைப் பார்த்தார். பேனாவும் சின்ன நோட்டும் இருந்தன, எப்போதும் இருப்பதுபோல. "இதையும் எழுதிக்கிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தெருமுனையில் நின்று எழுதிக்கொண்டேன். மேலே இருப்பது அந்தக் குறிப்பிலிருந்துதான்.

ஜனவரி 21, புதன்

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. தப்பு என்ன என்று கேட்கப் போயிருக்கிறேன்.

தவறாக வந்த செய்திக்கு மறுநாள் திருத்தம் போடுவோம். நானே எத்தனையோ போட்டிருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில் அடியில். சரியாக வந்த செய்திக்கு என்ன போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 24, சனி

கொம்பையாவிடம் போனேன். தரையில் எங்கள் வண்டியின் கோடுகள் இன்னும் அழியாமல் கிடந்தன. நான்கு டின்.

"கீழயும் ஒண்ணு போடணும்" என்றேன். "அவள் சொன்ன மாதிரியே. முன் சீட்டைச் சாய்ச்சு."

"அம்மா படமா?"

"ஆமா."

"ஒங்களோடது நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு. ஆடுதா?"

"ஆடலை."

"அப்போ மேல உள்ளதைக் கழத்திறவா?"

கழற்றச் சொல்லத்தான் போயிருந்தேன். "இருக்கட்டும்" என்றேன். "நனைஞ்ச துணி காயப்போடலாம்."

தலையை ஆட்டினார். கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு, முன்பக்க இடது டின்னைக் காட்டினார். "இதுல இருந்த ஆளு?"

"வீட்ல இருப்பார். தண்ணித் தொட்டி கழுவ வேண்டியிருக்கு."

டின்னை எடுத்து ஓரமாக வைத்தார். தேக்குக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து பள்ளம், உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர். முன்கட்டையைச் சாய்த்த சீட்டின் முதுகில் பட்டை போட்டு இறுக்கினார், பின்கட்டையை டிக்கித் தரையில். நானே ஒவ்வொரு பள்ளமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

வயலட் இன்றைக்குத்தான் வண்டியைத் திறந்தாள். ஐஸ் பெட்டி எங்கே போகும் என்று பார்க்க. சாய்ந்து கிடந்த சீட்டைப் பார்த்தாள், கட்டைகளைப் பார்த்தாள்.

"எதுக்கு இது?"

"உன் படம்தான்."

"உங்களை யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் வீட்ல இருந்து தொட்டி கழுவுறேன். மூணு பேர் போறதுக்கு இதுதான் வசதி. ரீல் தலையில் இடிக்காது. கூரைத் துணி கிழியாது. ஆடாது."

அவளுடைய எதிர்ப்புகளையே அவளிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. பள்ளத்து ரப்பரை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"நீங்க தொட்டி கழுவுன வரைக்கும் போதும்" என்றாள். "போன தடவை ஏணியிலேருந்து வழுக்குனீங்க. ஆளைக் கூப்பிட்டுக்கிடுங்க."

மாலையில் ஊழி மீன் வாங்கி வந்து பொரித்தாள். எனக்குப் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறார்கள்.

பிப்ரவரி 2, திங்கள்

நேற்று மாலை திரும்பினோம். மூன்று நாளாக எழுதவில்லை. நோட்டும் போனும் வீட்டில் இருந்தன.

கொடுவா மூன்று. பெரியது 74 செ.மீ. செப்பிலி ஐந்து. பாரை ஒன்று, சிறியது, திரும்ப விட்டாயிற்று. அளந்தது நான், மனதில் வைத்திருந்து இப்போது எழுதுகிறேன். மற்றவற்றை எழுதுவதற்கில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலில் நடந்ததை எழுதலாம். அது எங்கள் வீட்டு வாசல், எல்லோருக்கும் தெரிந்த இடம்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே முபாரக்கின் பைக்கில் சூசை வந்தார். இரண்டு ராடும் துணியில் சுற்றித் தோளில். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கட்டியிருந்தது லுங்கி. போகிறவன் போல இருக்கக் கூடாது என்று.

பின்கதவைத் திறந்தார். சாய்ந்து கிடந்த சீட்டைப் பார்த்தார். குனிந்து கட்டைகளைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து கூரைக் குழாய்களைப் பார்த்தார். கிரேன் ஓட்டியவர், எந்தச் சுமையையும் தூக்குவதற்கு முன்னால் அது எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது பழக்கம்.

"மேல ஒண்ணு இருக்க, கீழ எதுக்கு?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"அவரு செஞ்சாரு" என்றாள் வயலட்.

"நீ சொல்லியா?"

"நான் சொல்லலண்ணே. பாத்த பிறகுதான் எனக்கே தெரியும்."

சூசை தன் நீள ராடை, 229, எடுத்து மெல்ல உள்ளே தள்ளினார். முன்கட்டையின் பள்ளத்தில் பட்டுக்கொண்டு முனை டேஷ்போர்டை நோக்கிப் போனது. அடியைப் பின்கட்டையில் இறக்கினார். பின்கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முனைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நான்கு சென்டிமீட்டர் இருந்தது. சனிக்கிழமை பட்டறையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை 229-க்கு இடம் அளந்திருக்கிறேன்.

"இடிக்குது" என்றார்.

"எங்கண்ணே?" வயலட் எட்டிப் பார்த்தாள்.

"முன்னால. முனை இடிக்குது. ஒரு பள்ளத்துல விழுந்தா ஒடிஞ்சிரும்."

வயலட் முனையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முபாரக் ஒரு பக்கமாகக் குனிந்து, டயர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "ஆமாண்ணே" என்றான். "நல்லா இடிக்குது."

டேப் என் லுங்கி மடிப்பில் இருந்தது. இழுத்துக் காட்ட மூன்று நொடி ஆகும். கை அங்கே போனதும் உண்மை.

சூசை வெளியே வந்து நிமிர்ந்தார். "நீங்கதான அளந்தது?" என்றார் என்னிடம். "நீங்க சொல்லுங்க. இடிக்குதா, இல்லையா?"

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, ஒரு தீப்பெட்டியை நுழைக்கலாம்.

"ஆமா" என்றேன். "இடிக்குது."